பழைய பிரெஞ்சுச் சமையலறை: எதை முதலில் வாங்குவது?

2024 மார்ச் 3

வாசகி ஒருவரின் கேள்வி:

“அக்கா, ரூவான் பக்கத்தில் 1930களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம். சமையலறையைப் பழைய பிரெஞ்சு பாணியில் அமைக்க எனக்கு ரொம்ப ஆசை. பத்திரிகைகளைப் புரட்டினால் வெள்ளைப் பெயின்ட், காய்ந்த லாவண்டர் கொத்து, சேவல் பொம்மை, அவ்வளவுதான். எதை முதலில் வாங்குவது? கையில் இரண்டாயிரம் யூரோ இருக்கிறது. தினமும் சாம்பாரோ மீன் குழம்போ வைக்கிற வீடு. இரண்டும் ஒத்துப்போகுமா?”

ஒத்துப்போகும். ஏழு வருடமாக அப்படித்தான் சமைக்கிறேன். நான் புதுச்சேரியில் பிறந்தவள். இப்போது இருப்பது வடக்கு பிரான்சில், சேன் காந்தேன் ஊருக்கு வெளியே, 1926இல் கட்டிய செங்கல் வீட்டில். முதல் உலகப் போரில் இந்தப் பகுதி தரைமட்டமாகி, 1920களில் திரும்பக் கட்டினார்கள். அதனால் எங்கள் தெருவில் யார் வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு: சிமென்ட் ஓடு பதித்த தரை, ஜன்னலுக்குக் கீழே தொட்டி, ஒரு சுவரில் புகைபோக்கி, நடுவில் மேசை.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தரையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பழுப்பு லினோலியம் ஒட்டியிருந்தது. மூலையில் கிழிந்திருந்த இடத்தைத் தூக்கிப் பார்த்தபோது சாம்பல் நிறமும் செங்காவியும் கலந்த சதுர ஓடு தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் உடனே உரித்துவிடாதீர்கள். பழைய தரைவிரிப்பிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரான்சில் அதற்கு 1997இல்தான் முழுத் தடை வந்தது. வீடு வாங்கியபோது கொடுத்த ஆய்வு அறிக்கைக் கட்டில் ‘அமியாந்த்’ என்ற பகுதியைப் படியுங்கள். தரையைப் பற்றி அதில் தெளிவாக இல்லையென்றால் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம். இல்லை என்று உறுதியான பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

காரைக்குடிப் பக்கம் போனவர்களுக்கு ஆத்தங்குடிக் கல் தெரியும். இந்த ஓடும் அதே குடும்பம். சூளையில் சுடுவதில்லை, நிறம் கலந்த சிமென்ட்டை அச்சில் ஊற்றி இறுக்கி, ஊறவைத்துக் காயவைப்பது. சுடாத ஓடு என்பதால் புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அதற்கு ஆகாது. புளித்தண்ணீர் சிந்தினால் அந்த நிமிடமே துடைக்க வேண்டும். என் தரையில் அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு வெளிறிய வட்டம் இருக்கிறது. ரசம் கொட்டிய இடம்.

2024 மார்ச் 5

லாவண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரெஞ்சு பாணி என்று தனியாக ஒன்று கிடையாது. ஆறுகோணச் செம்மண் ஓடு, மஞ்சளும் நீலமுமான துணி, காய்ந்த பூக்கொத்து இதெல்லாம் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதிக்கு உரியவை. அங்கே வெயில் கொளுத்தும். ஜன்னல் சின்னது, சுவர் தடிமன். உங்கள் ரூவானில் வருடத்தில் பாதி நாள் மழை மேகம். அங்கிருந்த பெண்கள் வெளிச்சத்துக்காக ஏங்கினார்கள். வெண்பீங்கான் ஓடு, பாலேட்டு நிறச் சுவர், பாதி ஜன்னலை மட்டும் மறைக்கும் ‘பிரீஸ் பீஸ்’ திரை எல்லாமே கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைக் காப்பாற்றும் வழிகள். உங்கள் வீடு எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் சமையலறையைத் தேடுங்கள்.

2024 மார்ச் 17

புஃபே பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே புஃபே என்றால் பந்தி இல்லை, பாத்திர அலமாரி. மேலே கண்ணாடிக் கதவு, நடுவில் திறந்த மாடம், கீழே இழுப்பறையும் மூடிய அறைகளும். பழம்பொருள் வியாபாரிகள் இதை ‘மதோ’ என்று பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களுடையதை 120 யூரோவுக்கு வாங்கினோம். 1900ஆம் வருடத்து அலமாரி என்று விற்றவர் சொன்னார்.

அந்த நடு மாடம் எதற்கு என்று ஆரம்பத்தில் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி (84 வயது, என் சமையலறைக்கு அவர்தான் வாத்தியார்) வந்து பார்த்து, ரொட்டியும் காபிப் பாத்திரமும் கைக்கெட்டுகிற உயரத்தில் இருப்பதற்கு என்றார். இப்போது அதில் என் அஞ்சறைப் பெட்டியும் காபி ஃபில்டரும் இருக்கின்றன. அதே உயரம், அதே வேலை.

பெயின்ட் நாலைந்து அடுக்கு இருந்தது. ஒரு கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே வெள்ளை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் பாசிநீர் மாதிரி ஒரு வெளிர்பச்சை. அந்தப் பச்சையில் மனம் நின்றுவிட்டது.

2024 மார்ச் 24

போன வாரம் எழுதியதில் இரண்டைத் திருத்த வேண்டும்.

ஒன்று, வருடம். அது 1900 அலமாரி அல்ல. இந்த மாதிரி 1930களில் பரவி, 1950கள் வரை செய்யப்பட்டது. ஒட்டுப்பலகையும் கண்ணாடியில் அரைத்த கோலமும் அதைச் சொல்கின்றன.

இரண்டு, உப்புத்தாள். அதைச் செய்யாதீர்கள். நான் செய்தது தவறு, நேரே சொல்லிவிடுகிறேன். விற்றவர் “புதுப் பெயின்ட்தான், பயப்படாதீர்கள்” என்றார், நம்பினேன். வீட்டுக்கு வந்த பெயின்டர் ஒருவர் தரையில் கிடந்த தூளைப் பார்த்துக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். சோதனைக் குச்சி வாங்கித் தேய்த்ததும் சிவந்துவிட்டது. ஈயம் கலந்த பெயின்ட். என் பேரனுக்கு அப்போது இரண்டு வயது, அந்தத் தரையில்தான் தவழ்ந்து விளையாடுவான். அன்று பட்ட பயம் இன்னும் நினைவிருக்கிறது.

1949 ஜனவரி 1க்கு முன் கட்டிய வீட்டை விற்கும்போது ஈயப் பெயின்ட் அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆனால் அது சுவருக்கும் கதவுக்கும்தான். சந்தையில் வாங்குகிற அலமாரிக்கு யாரும் அறிக்கை தருவதில்லை. ஆகவே பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது, நெருப்பால் சுடவும் கூடாது. நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடு அள்ளிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே விட்டு, மேலே நல்ல பெயின்ட் இரண்டு கை அடித்து மூடிவிடலாம். நாங்கள் கடைசியில் மூடினோம், அதே வெளிர்பச்சையில். உட்பக்கத் தட்டுகளில் பழைய பெயின்ட் இருந்தால் அங்கே திறந்த உணவுப் பொருள் வைக்காதீர்கள்.

2024 ஏப்ரல் 2

இரண்டாயிரம் யூரோவை எப்படிப் பிரிப்பது என்று நானாக இருந்தால்: மின்சாரத்துக்கு முதலில் ஒதுக்குவேன். துணி சுற்றிய பழைய கம்பி, எர்த் இல்லாத பிளக் எல்லாம் போக வேண்டும். அடுத்து தொட்டி. பிறகு அலமாரி, மேசை, விளக்கு. பாத்திரம் கடைசியில், ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில்.

2024 ஏப்ரல் 30

ஆமியேன் ஊரின் வசந்தகால ‘ரெதெரி’க்குப் போய் வந்தேன். பழம்பொருள் சந்தையை எங்கள் பிக்கார்திப் பகுதிக்காரர்கள் சொல்லும் சொல் அது. வடக்கே லீல் பக்கம் போனால் ‘பிராதெரி’. வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், ஊர்த் தெருக்கள் முழுக்கக் கடை. விடிவதற்கு முன்னால் கைவிளக்கோடு போகிறவர்களுக்குத்தான் நல்ல சரக்கு.

சின்ன ஊர்களில் நடப்பது ‘வீத் குரெனியே’. பரணைக் காலி செய்வது என்று அர்த்தம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். வியாபாரி அல்லாதவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் இப்படிக் கடை போடலாம் என்று சட்டம் இருப்பதால், மேசைக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் தன் பாட்டி வீட்டுப் பரணைத்தான் காலி செய்கிறார். இதில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விலையை மறந்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்.

இந்தத் தடவை கிடைத்தது எனாமல் டப்பா வரிசை. சர்க்கரை, மாவு, காபி, தேநீர், மசாலா, மிளகு என்று எழுத்துப் பொறித்த ஆறு டப்பாக்கள், பெரியதிலிருந்து சிறியதாக. எனக்கு ஐந்துதான் கிடைத்தன, 35 யூரோ. மிளகு டப்பா தொலைந்துவிட்டது. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளை 800 டிகிரி வாக்கில் உருக்கிப் பூசுவதுதான் எனாமல். கீழே விழுந்தால் கண்ணாடி தெறித்து, உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். வெளியே தெறித்திருந்தால் பரவாயில்லை. உள்ளே தெறித்திருந்தால் அதில் நேராகச் சாப்பாட்டுப் பொருளைப் போடாதீர்கள், ஒரு கண்ணாடிப் புட்டியை உள்ளே இறக்கி அதில் வையுங்கள். உட்புறம் பளிச்சென்ற சிவப்போ ஆரஞ்சோ இருக்கிற பழைய எனாமலில் சமைக்கவே வேண்டாம். அந்த நிறங்களுக்கு அப்போது காட்மியம் சேர்ப்பார்கள்.

பக்கத்துக் கடையில் ‘ஷிக்கொரே’ என்று எழுதிய ஒரு டப்பா தனியாக நின்றது. நம் காபியில் கலக்கிற அதே சிக்கரி! நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் முடங்கிக் காபிக்கொட்டை கிடைக்காமல் போனபோது பிரான்சில் இதைக் குடிக்கிற வழக்கம் பரவியது. வடக்கே இன்னும் விடவில்லை. லீல் நகருக்குத் தெற்கே ஓர்ஷி என்ற ஊரில் லெரூ நிறுவனம் 1858லிருந்து சிக்கரி வறுக்கிறது. பாட்டி காலையில் குடிப்பதும் அதுதான். ஒருநாள் என் ஃபில்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது என் அம்மா போடுகிற காபி” என்றார். அந்த டப்பாவை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு யூரோ. இப்போது அதில் கும்பகோணத்திலிருந்து தங்கை அனுப்புகிற தூள்.

2024 மே 11

செம்புப் பாத்திரம். இது எல்லாரும் கேட்பது, எல்லாரும் ஏமாறுவதும் இதில்தான்.

சுவரில் வரிசையாகத் தொங்குகிற செம்புச் சட்டிகள் இல்லாமல் பத்திரிகைப் படம் கிடையாது. ஆனால் சந்தையில் கிடைப்பவற்றில் நிறைய மெல்லிய தகடு. 1960, 70களில் சுற்றுலாப் பயணிகளுக்காகவும் சுவர் அலங்காரத்துக்காகவும் செய்தவை. கையில் எடுத்தால் தெரிந்துவிடும். சமைக்கிற செம்பு கனக்கும், தகடு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. கைப்பிடி பெரும்பாலும் வார்ப்பிரும்பு, செம்பு ஆணி அடித்திருக்கும். மினுமினுக்கும் பித்தளைக் கைப்பிடி போட்ட மெல்லிசுச் சட்டி மேசையில் பரிமாறத்தான், அடுப்புக்கு அல்ல.

நோர்மாந்தியிலேயே இருக்கிறீர்கள், வில்தியு லே புவால் ஊருக்கு ஒருநாள் போய் வாருங்கள். ஊர்ப் பெயரிலேயே வாணலி இருக்கிறது. நூற்றாண்டுகளாகச் செம்பு தட்டுகிற ஊர். மோவியேல் நிறுவனம் 1830இல் தொடங்கியது அங்கேதான்.

செம்புக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து சிவப்புத் தெரிந்தால் புளியும் தக்காளியும் அதில் கூடாது, களிம்பு ஏறும். நம் ஊரில் “பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ” என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, இங்கேயும் ‘ரெத்தாமேர்’ என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவர் இருந்தார். பாட்டிக்கு அவருடைய கூவல்கூட நினைவிருக்கிறது. இப்போது பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சட்டியின் விட்டத்தை வைத்துக் கூலி. பல நேரம் சட்டி வாங்கிய விலையைத் தாண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள்.

2024 மே 13

“மார்ச் மாதம் ஈயம் ஆபத்து என்றீர்கள், மே மாதம் ஈயம் பூசச் சொல்கிறீர்கள், எது சரி?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதற்கு நன்றி, நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும். தமிழில் இரண்டையும் ஈயம் என்கிறோம். பெயின்ட்டில் இருப்பது காரீயம். அது உடம்புக்குக் கெடுதல், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. பாத்திரத்தில் பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அந்தச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்ப்பார்கள். காரணம், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். செம்புச் சட்டிக்கும் அதே விதி: காலியாக அடுப்பில் ஏற்றாதீர்கள், கடுகு தாளிக்க அதை எடுக்காதீர்கள்.

2024 மே 14

இன்னொரு விலக்கு விட்டுப்போயிற்று. ஜாம் காய்ச்சும் அகலமான செம்பு அண்டாவுக்கு உள்ளே பூச்சு இருக்காது, இருக்கவும் கூடாது. பழத்தோடு சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறும் வரை காத்திராமல் உடனே புட்டியில் மாற்றிவிட வேண்டும்.

2024 ஜூன் 9

மீன் குழம்புக்கு எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. புளி அதை ஒன்றும் செய்யாது, சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், மண்சட்டிக்கு ரொம்பக் கிட்டே வரும் குணம். எங்கள் வீட்டிலிருந்து கால்மணி, இருபது நிமிடத் தூரத்தில் ஃபிரெனுவா லு கிரான் என்ற சின்ன ஊர். 1925இல் லு குரூசே நிறுவனம் அங்கே தொடங்கியது, இன்றும் வார்ப்பிரும்பு அங்கேதான் உருகுகிறது. முதல் நிறமே உலைநெருப்பு மாதிரியான ஆரஞ்சு. என்னுடையது பழையது, 24 சென்டிமீட்டர், உள்ளே காபிக்கறை மாதிரி நிறம் மாறியிருக்கிறது. ருசிக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கும்போது உள்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கறை இருக்கலாம், சொரசொரப்பும் தெறிப்பும் இருக்கக் கூடாது.

அப்புறம் துணி. பாட்டி தன் கல்யாணச் சீரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். டஜன் கணக்கில் அடுக்கிய கைத்துண்டுகள். லினனும் பருத்தியும் கலந்து நெய்த துணி, ‘மெத்தீஸ்’ என்பார்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு, மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையல் போட்ட இரண்டு எழுத்து. அழகுக்காகப் போட்டது என்று நினைத்திருந்தேன். முன்பெல்லாம் பெரிய வெளுப்பு வருடத்தில் சில தடவைதான். எல்லார் வீட்டுத் துணியும் ஒன்றாகக் கலக்கும்போது யாருடையது என்று தெரிய அந்த எழுத்து. அவ்வளவு டஜன் தேவைப்பட்டதற்கும் அதுவே காரணம்.

சந்தையில் நான் வாங்கிய துண்டுகளில் எம்.எல். என்று இருக்கிறது. யாரோ ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் உட்கார்ந்து தைத்தது. முதல் மாதம் அதில் கை துடைக்க மனம் வராமல் கதவில் மடித்துத் தொங்கவிட்டிருந்தேன். பாட்டி பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவள் இதைத் துடைக்கத்தான் தைத்தாள்.” அன்றிலிருந்து தினமும் பயன்படுத்துகிறேன். மஞ்சள் கறை பட்டால் பயப்படாதீர்கள். துவைத்து ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது.

2024 ஜூன் 28

சுவர் ஓடு. நான் முதலில் பாரிஸ் மெட்ரோ ஓட்டின் பின்னால் போனேன். 7.5க்கு 15 சென்டிமீட்டர், வெள்ளை, ஓரம் சாய்ந்தது. 1900இல் மெட்ரோ திறந்தபோது மங்கிய விளக்கொளியைச் சிதறடித்துச் சுரங்கத்தை வெளிச்சமாக்கத்தான் அந்தச் சாய்வு. நிலத்தடிக்கு அருமையான யோசனை. தாளிக்கிற அடுப்புக்குப் பின்னால், ஒவ்வொரு சாய்விலும் எண்ணெய்ப் பிசுக்கு உட்காருகிறது. இடையே போட்ட வெள்ளைப் பூச்சு ஒரே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது.

இரண்டாவது வருடம் அடுப்புப் பக்கம் மட்டும் கழற்றிவிட்டுத் தட்டையான 15க்கு 15 வெண்பீங்கான் போட்டோம், மேல் வரிசையில் ஒரு நீலக் கோடு, இடையில் அடர்சாம்பல் பூச்சு. பாட்டி வீட்டிலும் இதே சதுர ஓடுதான். முதலிலேயே அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் 300 யூரோ மிச்சம்.

2024 ஜூலை 2

தொட்டிக்குக் கீழே கதவு போடாமல் துணித்திரை தொங்கவிடுங்கள். அந்தக் காலத்து வழக்கம், செலவும் குறைவு, குப்பைக்கூடையை இழுக்கவும் வசதி. சிறு கட்டம் போட்ட ‘விஷி’ துணி போதும். துணியை இடத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்குங்கள்.

2024 ஜூலை 30

கண்ணாடி டம்ளர் செய்கிற துராலெக்ஸ் நிறுவனத்தைப் பற்றி நல்ல சேதி. தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. எங்கள் அலமாரியில் இருக்கும் டம்ளர் எல்லாம் அவர்கள் செய்தவை. 1946இன் ‘ழிகோஞ்’, 1954இன் ‘பிக்கார்தி’. கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றலாம், இறுக்கம் ஏற்றிய கண்ணாடி. உடைந்தால் கூரான சில்லாக இல்லாமல் பொடிப்பொடியாகும்.

டம்ளரின் அடியில் ஓர் எண் இருக்கும், அச்சின் எண். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடியில் இருக்கிற எண்ணைத் தங்கள் வயது என்று சொல்லி விளையாடுவார்கள். பிரான்சில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். என் பிள்ளைகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குப் பேரன் காட்டினான். அம்மா டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏழு வயசு, இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன்” என்று எழுந்து போய்விட்டார்.

2024 ஜூலை 31

‘பிக்கார்தி’ டம்ளர் பிக்கார்தியில் செய்வதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆலை ஓர்லெயான் பக்கத்தில், லா ஷப்பேல் சேன் மெஸ்மேன் என்ற ஊரில். பெயர் மட்டும்தான் எங்கள் பகுதியுடையது.

2024 ஆகஸ்ட் 18

“பிரஷர் குக்கரும் கிரைண்டரும் கண்ணில் பட்டால் அந்தப் பழைய தோற்றம் கெட்டுவிடாதா?”

குக்கரை ஒளிக்க வேண்டியதில்லை. ஆவியை அடைத்து வேகவைக்கும் பாத்திரத்தை 1679இல் செய்து காட்டியவர் தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது லண்டனில் இருந்தார். வீட்டு அடுப்புக்கு செப் நிறுவனம் புர்கோஞ் பகுதியின் செலோஞ்ஜே ஊரில் 1953இல் வெளியிட்ட குக்கர் பிரான்ஸ் முழுக்கப் பரவியது. ஆவி வரும்போது தலையில் உள்ள குண்டு சுற்றும். பாட்டியின் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லையாம். ஆக 1950களின் பிரெஞ்சுச் சமையலறையில் குக்கர் சொந்த வீட்டுப் பிள்ளை. பழைய குக்கர் வாங்கினால் ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் மாற்றாமல் ஏற்றாதீர்கள்.

அதேபோல ழான் மாந்த்லே 1932இல் கொண்டுவந்த கைச்சுழற்சிக் காய் மசிப்பான். முலினெக்ஸ் நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான். ஐந்து யூரோவுக்குக் கிடைக்கும். வெந்த துவரம்பருப்பை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தக்காளியைப் போட்டால் தோலும் விதையும் தனியாக நின்றுவிடும். மத்துக்கு அடுத்தபடி நான் அதிகம் எடுப்பது இதைத்தான்.

கிரைண்டர் பின்கட்டில் இருக்கிறது. அது போடுகிற சத்தத்துக்கு அதுதான் சரியான இடம்.

2024 செப்டம்பர் 22

குயீஸ் ஊருக்குப் போயிருந்தோம். வார்ப்பிரும்பு அடுப்புகளால் பேர் வாங்கிய கொதேன் ஆலையின் ஊர். ழான் பாப்திஸ்த் ஆந்திரே கொதேன் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். தகட்டிரும்புக்குப் பதில் வார்ப்பிரும்பில் அடுப்பு செய்து பெரும் பணக்காரரானார். அந்தப் பணத்தில் 1859லிருந்து தொழிலாளர்களுக்காகவே ‘ஃபமிலிஸ்தேர்’ என்ற பெரிய குடியிருப்பைக் கட்டினார். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், அதைச் சுற்றி மாடி மாடியாக வீடுகள். 1880இல் ஆலையையே கூட்டுறவாக்கினார், அது 1968 வரை நடந்தது. அங்கே வரிசையாக வைத்திருக்கும் எனாமல் அடுப்புகளின் நிறத்தைப் பாருங்கள். பழைய சமையலறை என்றால் வெள்ளைதான் என்ற எண்ணம் அங்கேயே போய்விடும். பச்சை, நீலம், கரும்பழுப்பு!

எங்கள் வீட்டோடு வந்ததும் ஒரு பழுப்பு நிறக் கொதேன்தான். இரண்டு வருடம் அதன் மேல் பூச்சாடி வைத்திருந்தேன். பிறகு புகைபோக்கியைச் சோதித்துத் துப்புரவு செய்து, குளிர்காலத்தில் மூட்ட ஆரம்பித்தோம். வருடா வருடம் புகைபோக்கி துடைக்க ஆள் வருகிறார். அந்தச் சான்றிதழைக் காப்பீட்டுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இப்போது ஜனவரியிலும் என் இட்லி மாவு ஒரே இரவில் பொங்குகிறது. பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் வைத்து எம்.எல். துண்டால் மூடிவிடுவேன்.

2024 அக்டோபர் 6

சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒன்று. சாப்பாட்டு அறைக்கு இரண்டாம் ஆன்ரி பாணி ஓக் அலமாரி வாங்கினேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடுத்தரக் குடும்பங்கள் ஆசையாக வாங்கிய, கருகருவென்ற செதுக்கு வேலை அலமாரி. இப்போது யாருக்கும் வேண்டாம், 60 யூரோவுக்கே கிடைத்தது. படத்தில் பார்த்த மாதிரி வெள்ளை அடித்து, விளிம்பைத் தேய்த்துப் பழசாக்கினேன்.

இன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. மதோ அலமாரி பிறக்கும்போதே பெயின்ட்டோடு பிறந்தது. அதற்குப் பெயின்ட் அடிப்பது நியாயம். அந்த ஓக் மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கறுத்த மரம். பெயின்ட் அதன் செதுக்கலுக்குள் போய் அடைத்துக்கொண்டது. பூச்சை எடுக்கிறவரிடம் கேட்டேன், அலமாரியின் விலையைப் போல ஏழு மடங்கு சொல்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கதவு முடிந்தது. புதுசாகப் பழசாக்குவதில் எனக்கு இனி விருப்பமில்லை.

2024 நவம்பர் 17

ரூவான் தங்கை படம் அனுப்பியிருக்கிறார்! லினோலியத்துக்கு அடியில் ஓடு கிடைத்துவிட்டது, கறுப்பும் பாலேட்டு நிறமும் மாறி மாறி. இதுவரை 640 யூரோதான் செலவாம். மேசைக்கு மேலே, பீங்கான் எடைக்குண்டை இழுத்தால் ஏறி இறங்கும் ‘மோந்த்தெபேஸ்’ விளக்கு. கம்பியை மாற்றச் சொல்லியிருந்தேன், மாற்றிவிட்டார். மேசை மஞ்சள் ஃபார்மைக்கா, குரோம் கால். “இது பழைய பிரெஞ்சுதானா, பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே” என்கிறார். நம் ஆசாரிகள் சன்மைக்கா என்கிறார்களே, அதன் உறவு. 1950, 60களில் பிரெஞ்சுக் குடும்பங்கள் பாட்டன் மேசையைப் பரணில் ஏற்றிவிட்டு ஆசை ஆசையாக வாங்கியது இதைத்தான். தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி தேய்க்க அதைவிட வழவழப்பான பரப்பு கிடையாது. சூடான சட்டியை மட்டும் நேராக வைக்காதீர்கள், கொப்புளம் வந்துவிடும்.

தொட்டிக்குக் கீழே திரை தொங்கவிடும் கம்பி தொய்கிறது என்றீர்கள். பித்தளைக் கம்பி 12 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி, நடுவில் ஒரு கொக்கி சேர்த்து அடியுங்கள். துணியை முதலில் துவைத்துச் சுருங்க வைத்த பிறகுதான் கீழ் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிற்கட்டும், இல்லாவிட்டால் தரை துடைக்கிற தண்ணீரை அது குடித்துவிடும்.